பத்து தடவை ஜெயிச்சு 71 ஓட்டுல தோத்த பி.எம்.சயீத்: பெரிய தலைவரா, சின்னத் தொகுதியோட அதிர்ஷ்டமா?

வெள்ளாத்துக்காரன்:
நேத்து தொகுதி மறுவரையறை திரியில ஒருத்தர் போற போக்குல "லட்சத்தீவு பி.எம்.சயீத் மாதிரி தொடர்ந்து பத்து தடவை லோக்சபாவுக்கு போனவங்க எத்தனை பேரு, அவர்லாம் பெரிய தலைவர்"னு எழுதிட்டு போயிட்டாரு. அங்க பதில் போட்டா திசை மாறிடும், அதான் இங்க தனியா.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா. 1967-ல சுயேச்சையா நின்னு ஜெயிச்சாரு, அப்ப வயசு 25, 26 தான் இருக்கும். 71-ல எதிர்ல ஆளே இல்லாம போட்டியின்றி எம்.பி. அப்புறம் 77, 80, 84, 89, 91, 96, 98, 99. நடுவுல காங்கிரஸ், அது உடைஞ்சப்போ காங்கிரஸ் யூங்கிற பிரிவு, மறுபடி காங்கிரஸ். 98-லேருந்து 2004 வரைக்கும் துணை சபாநாயகர். 2004-ல 71 ஓட்டுல தோத்தாரு. தோத்த கையோட மன்மோகன் சிங் மந்திரிசபைல மின்துறை, டெல்லிலேருந்து ராஜ்யசபா சீட். 2005 டிசம்பர்ல சியோல்ல இறந்து போனாரு. 2009-ல மகன் ஹம்துல்லா சயீத் அதே தொகுதில எம்.பி.

இப்ப என் கேள்வி. அந்தத் தொகுதில இன்னைக்கே 58 ஆயிரத்துக்கும் கம்மியான வாக்காளர்தான். சென்னை மாநகராட்சில ரெண்டு வார்டு சேத்தா அவ்ளோதான் வரும். அதுல பாதி வாங்கினா இந்தியா முழுக்க சட்டம் போடுற எம்.பி. 37 வருஷம் ஒரே ஆளு உக்காந்திருந்தா அது சாதனையா, இல்ல அந்த பத்து தீவுல வேற ஆளே வளரலைங்கிறதுக்கு சாட்சியா? என்னைக் கேட்டா ரெண்டாவது. ரெண்டு வார்டு கவுன்சிலரை தேசியத் தலைவர்னு சொல்லாதீங்கப்பா.

அரைக்காப்பி:
எங்க வார்டு கவுன்சிலர் ரெண்டாவது தடவையே டெபாசிட் போயிடுச்சு. பத்து தடவைன்னா கோயில்தான் கட்டணும்.

ஓட்டுக்கணக்கு:
கவுன்சிலர்னு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் நம்பர் பாக்கலாமா.

2004: 71 ஓட்டு வித்தியாசம். சயீத்தை தோக்கடிச்சவர் பி.பூக்குஞ்ஞி கோயா, ஐக்கிய ஜனதா தளம்.
2009: ஹம்துல்லா 2,198 வித்தியாசத்துல ஜெயிச்சாரு, தோத்தது அதே கோயா, ஆனா இந்தத் தடவை தேசியவாத காங்கிரஸ்ல.
2014: முகமது பைசல், தேசியவாத காங்கிரஸ், 1,535.
2019: மறுபடி பைசல், 823.
2024: மறுபடி ஹம்துல்லா, 2,647.

ஜெயிச்சவர் யாரா இருந்தாலும் மூவாயிரத்தைத் தாண்டல. ஓட்டுப் பதிவு எப்பவும் 80 சதவீதத்துக்கு மேல. நம்ம ஊர்ல லட்சம் ஓட்டு வித்தியாசத்துல தோத்தவன் மறுநாளே நிம்மதியா தூங்கப் போவான். அங்க 71 ஓட்டுன்னா மூணு வீட்டுச் சொந்தக்காரங்க கோவிச்சுகிட்டா போச்சு. அப்படிப்பட்ட ஊர்ல பத்து தடவைங்கிறது அதிர்ஷ்டமா தெரியல எனக்கு. பெரிய தொகுதில கட்சி அலை காப்பாத்தும். சின்ன தொகுதில எவன் முகத்தையும் மறைக்க முடியாது.

இன்னொண்ணு, 2004-ல நாடு முழுக்க காங்கிரஸ் கூட்டணி வந்துச்சு, இவர் தோத்தது தேசிய ஜனநாயக கூட்டணில இருந்த கட்சிகிட்ட. அலை அந்தத் தீவுக் கரை வரைக்கும் போறதே இல்லைங்கிறதுக்கு இதைவிட என்ன வேணும்.

வெள்ளாத்துக்காரன்:
@ஓட்டுக்கணக்கு நீங்க குடுத்தது எல்லாம் 2004-க்கு அப்புறம் உள்ள கணக்கு ப்ரோ. அதாவது அவர் தோத்ததுக்கு அப்புறம் எதிர்க்கட்சின்னு ஒண்ணு உருவான கதை. 1971-ல எதிர்ல ஆளே இல்லைன்னா அது பாசமா பயமா?

படகுத்துறை:
தம்பி, நான் தூத்துக்குடிக்காரன். 2005-ல லட்சத்தீவோட தலைநகர் கவரத்தில நாலு மாசம் வேலை பார்த்தேன். பள்ளிக்கரணைல இருக்க கடல் தொழில்நுட்ப நிறுவனம் அங்க கடல் தண்ணிய நல்ல தண்ணியாக்குற பிளான்ட் போட்டாங்கல்ல, ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர், அதுல குழாய் வேலைக்கு சப் கான்ட்ராக்ட்ல போனவன். 350 மீட்டர் ஆழத்துலேருந்து குளிர்ந்த தண்ணிய மேல கொண்டு வந்து, அந்தக் குளிர்ச்சில ஆவிய நீராக்குற வேலை. அந்த ஊர் ஆளுங்களுக்கு அது என்னான்னு அந்த தண்ணியக் குடிச்சாத்தான் தெரியும். அதுக்கு முன்னாடி கிணறுதான். பவளப் பாறை மேல மழைத் தண்ணி ஒரு ஏடு மாதிரி மிதக்கும், வாளிய கொஞ்சம் ஆழமா விட்டா உப்பு வந்துடும். டீ குடிச்சா கடைசி மடக்குல நாக்குல கரிக்கும்.

நான் போனது அவர் தோத்து ஒரு வருஷம் ஆனப்போ. போட் ஜெட்டிக்கு பக்கத்துல ஒரு டீக்கடை, சாயங்காலம் வேலை முடிஞ்சு அங்கதான் உக்காருவோம். ஒரு வருஷம் ஆகியும் பேச்சு அதேதான். அவங்க பேசுறது மலையாளம் மாதிரி இருக்கும், ஆனா மலையாளம் இல்ல, ஜெசரின்னு சொல்றாங்க, பழைய தமிழ் வாசனை அடிக்கும். நமக்கு பாதி புரியும் பாதி புரியாது. ஆனா "எழுபத்தொன்னு"ங்கிற வார்த்தை மட்டும் சுத்தமா காதுல விழும், நம்ம சொல்ற மாதிரியே சொல்லுவாங்க. ஒருத்தன் எழுபத்தொன்னு எங்க வீட்லயே இருக்குன்னுவான், இன்னொருத்தன் என் மச்சான் கொச்சிலேருந்து கப்பல் கிடைக்காம வர முடியல அவன் வந்திருந்தா எழுபதுன்னுவான். ஒரு பெரியவர், அவர் சயீதுக்கு எதிரா ஓட்டுப் போட்டவராம், அவரே சொன்னாரு, தோக்கடிக்கணும்னு நினைக்கல ஒரு குட்டு வைக்கணும்னு நினைச்சேன்னு. கண்ணு கலங்கிடுச்சு மனுஷனுக்கு.

இதுல பயம் எங்க இருக்கு சொல்லு பாப்போம்.

அரைக்காப்பி:
குட்டு வைக்கப் போய் தலையவே எடுத்துட்டாங்க.

வெள்ளாத்துக்காரன்:
அண்ணே மரியாதையா சொல்றேன், டீக்கடை கண்ணீர் ஆதாரம் இல்ல. எங்க ஊர்லயும் தோத்தவனுக்கு அழுவாங்க. நீங்க சொன்ன அந்தத் தண்ணி பிளான்ட்டையே எடுத்துக்கங்க. 2005-ல வந்துச்சு. 67-ல எம்.பி ஆனவர் ஊருக்கு நல்ல தண்ணி வர 38 வருஷம். அதுவும் அவர் தோத்ததுக்கு அப்புறம்! இதை அவர் கணக்குல எழுதுவீங்களா எதிர்க் கணக்குல எழுதுவீங்களா?

படகுத்துறை:
தம்பி அந்தத் தொழில்நுட்பமே அதுக்கு முன்னாடி இல்ல, உலகத்துலயே அந்த மாதிரி பிளான்ட் புதுசு. 67-ல எவன் போட்டிருப்பான். அவர் போட்டாருன்னு நான் சொல்லவும் இல்ல, ஒரு எழுத்து மாத்திப் படிக்காத.

நான் சொல்ல வந்தது வேற. அங்க போய் இறங்கிப் பாரு அப்ப தெரியும். நான் போனப்போ கப்பல் பவளத் திட்டுக்கு வெளிய நிக்கும். உள்ளேருந்து சின்ன போட் வரும். கப்பல் மேல போகும் போது போட் கீழ போகும், ரெண்டும் ஒரே மட்டத்துக்கு வர்ற அந்த ஒரு நொடில ரெண்டு பேரு உன் ரெண்டு கையப் புடிச்சு தூக்கி உள்ள போடுவாங்க. எனக்கு அன்னைக்கு வயசு 29, நான் கடல்கரைல பொறந்தவன், எனக்கே வயித்தைக் கலக்குச்சு. எனக்கு முன்னாடி நிறைமாச கர்ப்பிணி ஒரு பொண்ணு, கொச்சிக்கு பிரசவத்துக்குப் போகுது, அதைப் போட்லேருந்து கப்பலுக்கு ஏத்துறாங்க. நாலு பேரு கை மாத்தி. அந்தப் பொண்ணு ஒரு சத்தம் போடல, பழகிடுச்சு போல. அந்த ஊர்ல எம்.பி வேலைங்கிறது என்னன்னா, கப்பல் எப்ப வரும், யாருக்கு சீட்டு, யாருக்கு ஹெலிகாப்டர், யார் பையனுக்கு கொச்சில காலேஜ் இடம். அதைக் கவுன்சிலர் வேலைன்னு நீ சிரிக்குற. ஆனா அதைச் செய்ய அங்க வேற ஆளு கிடையாது தம்பி.

ஆலுவாக்காரி:
படகுத்துறை அண்ணா சொன்ன காலேஜ் விஷயம் உண்மை. கொச்சி பக்கம் நான் படிச்சப்போ எங்க ஹாஸ்டல்ல ரெண்டு தீவுப் பொண்ணுங்க, ஒருத்தி கல்பேனி, ஒருத்தி மினிக்காய். ரெண்டு பேருக்கும் அரசு ஒதுக்கீட்டுல சீட். மினிக்காய்க்காரி பேசுறது மஹல், மாலத்தீவு பாஷை, கல்பேனிக்காரிக்கே புரியாது, ரெண்டு பேரும் மலையாளத்துல பேசிப்பாங்க. ஒரே தொகுதி!

ஆனா ஒண்ணு, இந்தத் திரில யாரும் சொல்லல. கல்பேனிப் பொண்ணு சொல்லும், அவங்க தீவுல கட்சின்னு ஒண்ணும் கிடையாது, சயீத் ஆளு, சயீதுக்கு எதிர் ஆளு, அவ்ளோதான்னு. கல்யாணப் பந்தியிலயே அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு உக்காருவாங்களாம். அவர் ஆந்த்ரோத்துக்காரர். இருக்குற தீவுல பெருசு அது. அதனால சின்னத் தீவுக்காரங்களுக்கு எப்பவும் ஒரு மனக்குறை, எல்லாம் ஆந்த்ரோத்துக்கே போகுதுன்னு. இது அவ சொன்னது, நிஜமா பொய்யான்னு நான் அளந்து பாக்கல. ஆனா 37 வருஷம் ஒரே ஆளா இருந்தா இப்படித்தான் ஆகும். பாசம் உள்ள இடத்துல கோபமும் அந்த ஆளு மேலயே போய் விழும்.

வெள்ளாத்துக்காரன்:
நன்றி அக்கா. இதத்தான் நான் மூணு பதிவா கத்திகிட்டு இருக்கேன். கட்சி வளரல, ஆளு வளந்தாரு.

கறுப்புக்கோட்டு:
ரெண்டு தரப்பும் ஒரு விஷயத்தை தாண்டிப் போறீங்க. லட்சத்தீவுக்கு சட்டசபை கிடையாது. அதுதான் இந்தக் கதைக்கே மூலம்.

1956 நவம்பர் 1 வரைக்கும் அந்தத் தீவுகள் நம்ம மெட்ராஸ் மாநிலத்துல இருந்துச்சு, ஒரு பகுதி மலபார் மாவட்டத்துல, அமினி பக்கம் உள்ளது தென் கன்னடா மாவட்டத்துல. மொழிவாரி பிரிப்புல யூனியன் பிரதேசம் ஆனாங்க. 67 வரைக்கும் எம்.பிய மக்கள் தேர்ந்தெடுக்கவே இல்ல, ஜனாதிபதி நியமிச்சவர்தான் லோக்சபாவுல உக்காந்தாரு. சயீத்தான் அந்த ஊர்ல ஓட்டுப் போட்டு அனுப்பின முதல் ஆளு. அதுக்கு முந்தி கோழிக்கோட்டுல இருந்துதான் தீவை ஆண்டாங்க, 64-லதான் தலைமையிடம் கவரத்திக்கே வந்துச்சு.

சரி, பாண்டிச்சேரிக்கு 63-லயே சட்டசபை வந்துடுச்சு. லட்சத்தீவுக்கு இன்னைக்கு வரைக்கும் இல்ல. அரசியல் சட்டம் 240-வது பிரிவுல ஜனாதிபதி ஒழுங்குமுறை போட்டா போதும், அது பார்லிமென்ட் சட்டத்துக்கு சமம், ஏற்கனவே உள்ள பார்லிமென்ட் சட்டத்தையே அந்தத் தீவுக்கு மட்டும் திருத்தலாம் ரத்து பண்ணலாம். நடைமுறைல டெல்லி உள்துறை, அவங்க அனுப்புற அட்மினிஸ்ட்ரேட்டர். இவ்ளோ அதிகாரத்துக்கு எதிர்ல மக்கள் தேர்ந்தெடுத்த ஆளு ஒரே ஒருத்தர், எம்.பி. பஞ்சாயத்து ஒழுங்குமுறையே 94-லதான் வந்துச்சு.

அதனால கவுன்சிலர், எம்.எல்.ஏ, எம்.பி, சில சமயம் முதலமைச்சர் வேலையும் ஒரே ஆளு தலைல. நீங்க கவுன்சிலர்னு சொல்றது பாதி சரி, பாதி தப்பு.

வெள்ளாத்துக்காரன்:
அப்ப நான் கேக்குறேன் வக்கீல் சார். 37 வருஷம் எம்.பி. நடுவுல 93-95 உள்துறை இணை அமைச்சர். உள்துறைங்க! யூனியன் பிரதேசம் எல்லாம் எந்தத் துறை கீழ வருது? உள்துறை. அந்த நாற்காலியிலயே உக்காந்திருந்த ஆளு சொந்த ஊருக்கு ஒரு சின்ன சட்டசபை, முப்பது பேர் இல்லைன்னாலும் ஒரு பத்து பேர் சபை வாங்கித் தரலையே ஏன்? வந்தா தனக்குப் போட்டியா பத்துப் பேரு முளைப்பான்னுதானே?

கறுப்புக்கோட்டு:
மனசுல என்ன நினைச்சாருன்னு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. 2011 கணக்குப்படியே 64,473 பேரு, 32 சதுர கிலோமீட்டர். இதுக்கு சட்டசபை குடுக்க எந்தக் கட்சியும் தயாரா இல்லைங்கிறது நிஜம். அந்தமான் லட்சத்தீவை விட எவ்ளோ பெருசு, அங்கயும் இல்லையே. அங்க மனோரஞ்சன் பக்தா எட்டு தடவை எம்.பி, அதே கதைதான்.

ஆனா கேள்வி நியாயமான கேள்வி. அதை விட்டுட்டு கவுன்சிலர் காமெடி பண்ணாதீங்க.

ஓட்டுக்கணக்கு:
துணை சபாநாயகரா இருந்ததை யாரும் பேசலையே. வாஜ்பாய் ஆட்சில எதிர்க்கட்சி ஆளுக்கு குடுத்த பதவி அது, நம்ம தம்பிதுரை இருந்த அதே நாற்காலி. 2002 மார்ச் 3-ல சபாநாயகர் பாலயோகி ஹெலிகாப்டர் விபத்துல இறந்தாரு. மனோகர் ஜோஷி மே 10-ல வர்ற வரைக்கும் ரெண்டு மாசத்துக்கும் மேல சபாநாயகர் இல்ல, வேலையப் பாத்தது சயீத். அந்த இடைவெளிலதான் குஜராத் கலவரத்துக்காக அவை தினமும் முடங்குச்சு, பொடாங்கிற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்துக்கு ரெண்டு அவையும் சேந்த கூட்டுக் கூட்டம் வந்துச்சு. 543 தொகுதிலயே சின்னத் தொகுதிக்காரர் அந்த ரெண்டு மாசம் அவையவே நடத்தினாரு. அதையும் ரெண்டு வார்டு கணக்குல சேப்பீங்களா?

வெள்ளாத்துக்காரன்:
சேக்க மாட்டேன். அது நல்லா நடத்தினாருன்னே வச்சுக்கறேன். ஆனா அது டெல்லிக்கு பண்ண வேலை, பித்ராவுக்கு என்ன பண்ணாரு? அந்தத் தீவுல மொத்தமே 271 பேரு 2011-ல. அவங்களுக்கு அவர் துணை சபாநாயகரா இருந்தா என்ன சபாநாயகரா இருந்தா என்ன.

சொல்லப்போனா அந்தப் பதவியே அவரைக் கவுத்துச்சுன்னு எனக்கு ஒரு சந்தேகம். ஆறு வருஷம் டெல்லிலயே உக்காந்தாரு. கப்பல் கிடைக்காம தவிச்சவன் 2004-ல கணக்கு தீத்தான்.

படகுத்துறை:
இது நீ சரியா சொன்ன. டீக்கடைல அதுவும் பேசுனாங்க. ஆளு பெருசாயிட்டாரு, முன்ன மாதிரி கைல கிடைக்கலன்னு.

இன்னொரு கூத்து சொல்றேன். நான் அங்க இருக்கும்போது அவர் மத்திய மின்துறை மந்திரி. கிராமத்துக்கெல்லாம் கரண்ட் குடுக்குற ராஜீவ் காந்தி திட்டம் 2005 ஏப்ரல்ல அவர் காலத்துலதான் ஆரம்பிச்சாங்க, நாடு முழுக்க. ஆனா அவர் ஊர்ல கரண்ட் எதுல ஓடுது? டீசல் ஜெனரேட்டர். கொச்சிலேருந்து கப்பல்ல வர்ற டீசல். நாங்க தங்கியிருந்த இடத்துலேருந்து அந்த மிஷின் சத்தம் ராத்திரி பூரா கேக்கும், அந்த சத்தம் நின்னா தூக்கம் கலைஞ்சிடும் எங்களுக்கு. நிலத்துலேருந்து 200, 300 கிலோமீட்டர் கடலுக்கு நடுவுல கம்பி எப்படி இழுப்ப? மந்திரியே ஆனாலும் பூகோளத்தை என்ன செய்ய முடியும்.

அரைக்காப்பி:
நாட்டுக்கே கரண்ட் குடுத்தவர் ஊருக்கு டீசல். எங்க ஊர் மின்துறை மந்திரி கதை வேற மாதிரி, இங்க எழுதினா திரிய பூட்டிடுவாங்க.

ஆலுவாக்காரி:
குடும்ப அரசியல் பத்தி யாரும் பேசலையே. அப்பா போனதும் மகன். 15-வது லோக்சபாவுலயே வயசு கம்மி எம்.பி ஹம்துல்லாதான். சட்டம் படிச்சவர், சரி. ஆனா பேரு சயீத் இல்லைன்னா அந்த வயசுல சீட் கிடைச்சிருக்குமா?

ஓட்டுக்கணக்கு:
சீட் கிடைச்சிருக்காது. ஆனா பேரு சயீத்னு இருந்தும் 2014, 2019 ரெண்டு தடவை தோத்தாரே. நம்ம ஊர்ல வாரிசு ரெண்டு தடவை தோத்தா ராஜ்யசபாவுக்கு அனுப்பிடுவாங்க. அவர் பத்து வருஷம் காத்திருந்து 2024-ல அதே மண்ணுல 25,726 ஓட்டு வாங்கி வந்தாரு, பைசலுக்கு 23,079. தேசியவாத காங்கிரஸ் உடைஞ்சு அஜித் பவார் பக்கம் நின்னவருக்கு 201. முந்தின தேர்தல்ல பாஜகவுக்கு 125. கட்சிச் சின்னத்துக்கு அங்க என்ன மதிப்புன்னு இதுல தெரியும்.

கறுப்புக்கோட்டு:
2024-க்குள்ள போகும்போது பைசல் வழக்கை விட்டுட்டு போக முடியாது, ஏன்னா அதுலதான் ஒரு எம்.பி இல்லைன்னா அந்தத் தீவுக்கு என்ன ஆகும்னு தெரிஞ்சுது. 2009 தேர்தல் நேரத்துல சயீதோட மருமகனை தாக்கினதா ஒரு கொலை முயற்சி வழக்கு. 2023 ஜனவரில கவரத்தி செஷன்ஸ் கோர்ட் பத்து வருஷம் தண்டனை குடுத்துச்சு, ரெண்டு நாள்ல லோக்சபா செயலகம் பதவி போச்சுன்னு அறிவிச்சாச்சு, தேர்தல் கமிஷன் பிப்ரவரி 27 இடைத்தேர்தல்னு தேதி குறிச்சாச்சு, அதுக்குள்ள கேரள ஹைகோர்ட் குற்றத் தீர்ப்பையே நிறுத்தி வச்சுது, ஒண்ணரை வருஷத்துக்காக இடைத்தேர்தல் வச்சா எவ்ளோ செலவுன்னு அதையும் ஒரு காரணமா சொல்லுச்சு, இடைத்தேர்தலை நிறுத்துனாங்க, ஆனா பதவியத் திருப்பித் தர மார்ச் 29 ஆயிடுச்சு, அதுவும் சுப்ரீம் கோர்ட்ல வழக்கு வர்ற அன்னைக்கு. அப்புறம் ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் ஹைகோர்ட் உத்தரவை ரத்து பண்ணி மறுபடி விசாரிக்கச் சொல்லுச்சு, அக்டோபர்ல ஹைகோர்ட் முடியாதுன்னுச்சு, மறுபடி பதவி போச்சு, சுப்ரீம் கோர்ட் தடை குடுத்துச்சு, நவம்பர்ல மறுபடி பதவி வந்துச்சு. ஒரே வருஷத்துல ரெண்டு தடவை போய் ரெண்டு தடவை வந்த எம்.பி.

வழக்குல யார் பக்கம் நியாயம்ங்கிறது மேல்முறையீட்டுக்கான விஷயம், நான் அதுக்குள்ள போகல. நம்ம ஊர்ல எம்.பி பதவி போனா ஆறு எம்.எல்.ஏ இருப்பான், மந்திரி இருப்பான். அங்க அந்த மாசங்கள்ல டெல்லில பேச ஒரு ஆளு கூட இல்ல.

வெள்ளாத்துக்காரன்:
இதையே நான் எனக்கு சாதகமா சொல்லலாம். மொத்த அரசியலும் சயீத் குடும்பம், சயீத் குடும்பத்தோட சண்டை போட்டவர், இந்த ரெண்டுக்குள்ளயே சுத்துது பாருங்க. கோர்ட் வழக்கு வரைக்கும். இதுக்கு யார் விதை போட்டா?

படகுத்துறை:
இருக்குறதே ஒரே ஒரு நாற்காலி தம்பி. ரெண்டு வீட்டுக்காரன் சண்டை போடாம என்ன செய்வான். நாலு நாற்காலி போட்டிருந்தா நாலு வீடு வந்திருக்கும்.

வெள்ளாத்துக்காரன்:
அதைத்தான் நானும் கேக்குறேன், ஏன் போடல!

படகுத்துறை:
அவர்கிட்ட கேக்காத, டெல்லிகிட்ட கேளு.

வெள்ளாத்துக்காரன்:
37 வருஷத்துல பாதி டெல்லில அவர் கட்சி ஆட்சிதானே அண்ணே!!

அரைக்காப்பி:
ரெண்டு பேரும் ஒரே விஷயத்தை எதிரெதிரா சொல்லி சண்டை போடுறத நான் இப்பத்தான் பாக்குறேன். பாப்கார்ன் தீந்துடுச்சு.

ஆலுவாக்காரி:
2021-அ நினைச்சுப் பாருங்க. பிரபுல் கோடா படேல் அட்மினிஸ்ட்ரேட்டரா வந்து நில மேம்பாட்டு ஆணையம் வரைவு, குண்டர் சட்டம், ரெண்டு குழந்தைக்கு மேல இருந்தா பஞ்சாயத்து தேர்தல்ல நிக்கக் கூடாது, மாட்டிறைச்சித் தடை, ஸ்கூல் மதிய சாப்பாட்டுல கறி நிறுத்தம்னு வரிசையா வந்துச்சுல்ல. எங்க ஆபிஸ்ல ஒரு தீவுப் பையன் இருந்தான், ஜூன் 7-ந் தேதி தீவு முழுக்க உண்ணாவிரதம் இருந்தப்போ அவனும் இங்க கொச்சில சாப்பிடாம வேலைக்கு வந்தான். அந்த சமயத்துல அட்மினிஸ்ட்ரேட்டரைத் திரும்பக் கூப்பிடுன்னு ஒருமனதா தீர்மானம் போட்டது எந்த சட்டசபை தெரியுமா, கேரளா சட்டசபை. பக்கத்து வீட்டுக்காரன் போய் பஞ்சாயத்துல பேசுற நிலைமை. அவங்களுக்குன்னு பத்து பேர் உக்காந்து "முடியாது"ன்னு எழுத ஒரு சபை இல்ல.

அப்ப எனக்கு வெள்ளாத்துக்காரர் கேக்குற கேள்விதான் வந்துச்சு. நல்ல காலத்துல, டெல்லில செல்வாக்கு இருந்த காலத்துல, இதுக்கு ஒரு அடி போட்டு வச்சிருக்கலாமே அந்தப் பெரிய மனுஷன்னு. திட்டறதுக்காகச் சொல்லல, ஆதங்கம்.

ஓட்டுக்கணக்கு:
ஒரு சின்ன கணக்கோட நான் கிளம்புறேன். தொகுதி மேம்பாட்டு நிதி இப்ப எம்.பிக்கு வருஷம் 5 கோடி. ஸ்ரீபெரும்புதூர்ல 2024 தேர்தல்ல 23 லட்சத்துக்கு மேல வாக்காளர், அவங்களுக்கும் 5 கோடி. லட்சத்தீவுல 58 ஆயிரம் கூட இல்ல, அவங்களுக்கும் 5 கோடி. அங்க தலைக்கு 860 ரூபா சொச்சம், இங்க 22 ரூபா கூட வராது. ஆனா அந்தத் திட்டமே 93-லதான் வந்துச்சு, ஆரம்பத்துல 5 லட்சம்தான், ரெண்டாயிரத்துப் பதினொண்ணுலதான் 5 கோடி ஆச்சு. சயீத் தன்னோட 37 வருஷத்துல 26 வருஷம் அந்தக் காசே இல்லாம ஜெயிச்சவர். காசு கூடுன காலத்துலதான் மகன் தோத்தாரு. இதுலேருந்து என்ன புரியுதோ புரிஞ்சுக்குங்க.

வெள்ளாத்துக்காரன்:
அந்த 26 வருஷக் கணக்கு எனக்குத் தெரியாது, நல்ல பாயின்ட். எழுதி வச்சுக்கறேன்.

கவுன்சிலர்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன், வக்கீல் சார் சொன்னதுக்காக. பெரிய தலைவர்ங்கிறதை மட்டும் ஒத்துக்கல. உள்துறைல உக்காந்த ரெண்டு வருஷத்துக்கு எனக்கு இன்னும் பதில் வரல. படகுத்துறை அண்ணன் சொன்ன டீக்கடைக் கதை நல்லாருக்கு, அதை மட்டும் எடுத்துகிட்டு போறேன்.

படகுத்துறை:
கதை இல்ல தம்பி. அந்தப் பெரியவர் குடிச்ச டீக்கும் சேத்து நான்தான் காசு குடுத்தேன். கரிச்ச டீ.